பலகை புதிது, பராமரிப்பவர் யார்?

ராஸ்பெர்ரி பை 4 பலகையில் மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த எஸ்.டி. கார்டை உருவி, புதிதாக வாங்கிய ராஸ்பெர்ரி பை 5-இல் செருகினேன். பழையதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகம் என்று படித்திருந்ததால், வீட்டு விளக்கும் மோட்டாரும் இனி கண் இமைப்பதற்குள் சொன்னபடி கேட்கும் என்று நினைத்திருந்தேன். கரண்ட் கொடுத்துக் கால் மணி நேரம் ஆகியும் மென்பொருள் எழவே இல்லை. கார்டில் கோளாறு இல்லை. பலகையிலும் இல்லை. ஒன்றுக்காகச் செய்ததை இன்னொன்றில் ஏற்றப் பார்த்தது என் தவறு.

இந்தச் சிறிய ஏமாற்றத்துக்குள்தான் முழுக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. மேசைக் கணினியில் ஒரு இயங்குதளத்தை நிறுவும்போது, எந்த நிறுவனத்தின் மதர்போர்டு என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதைக் கணினியே எழும்போது சொல்லிவிடும். ஒற்றைப்பலகைக் கணினிகளுக்கு அந்த வசதி கிடையாது. எந்த முகவரியில் எந்தச் சிப்பு இருக்கிறது, எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதை எழுதிய ஒரு வரைபடத்தைக் கெர்னலோடு சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் அந்த வரைபடம் வேறு. வீட்டுத் தானியக்கத்துக்கான ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளம் பை 4-க்கு ஒரு படிமம், பை 5-க்கு ஒரு படிமம் எனத் தனித்தனியாக வருவது அதனால்தான்.

பை 5 அறிவிக்கப்பட்டது 2023 செப்டம்பர் 28 அன்று. அக்டோபர் இறுதியில் கைக்கு வரத் தொடங்கியது. ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பு, பை 5-ஐ முறையாகச் சேர்த்துக்கொண்டு வந்தது 2024 பிப்ரவரியில். இடைப்பட்ட மாதங்களில் பலகை இருந்தது, வேகம் இருந்தது. நம்பி வீட்டை ஒப்படைக்கத்தக்க மென்பொருள் இல்லை. சோதனைப் பதிப்புகளோடு மல்லுக்கட்டியவர்கள்தான் அன்று அதிகம். உலகில் மிக அதிகமாக விற்கும் ஒற்றைப்பலகைக் கணினிக்கே இந்த இடைவெளி என்றால், மற்றவற்றின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

பை 5-இல் மாறியது வேகம் மட்டும் அல்ல. நான்கு கார்ட்டெக்ஸ் ஏ76 கோர்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கும் செய்தி. உள்ளே நடந்த பெரிய மாற்றம், யூ.எஸ்.பி., ஈதர்நெட், ஜி.பி.ஐ.ஓ. பின்கள் ஆகியவற்றை முதன்மைச் சிப்பிலிருந்து பிரித்து, ஆர்.பி.1 என்ற தனிச் சிப்பிடம் கொடுத்தது. முன்பெல்லாம் ஒரு பின்னை இயக்க, நினைவகத்தின் குறிப்பிட்ட முகவரியில் நேரடியாக எழுதினால் போதும். பத்தாண்டுகளாகப் பயிற்சி நூல்களில் இடம்பெற்ற பழைய பைத்தான் நூலகங்கள் அப்படித்தான் எழுதப்பட்டவை. பை 5-இல் அந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை. ஆகவே பின்னில் ரிலேவைக் கட்டி, பழைய நிரலை அப்படியே ஓட்டி விளக்கு எரிய வைக்க நினைத்தவர்களுக்குப் பிழைச்செய்திதான் கிடைத்தது. லிப்ஜி.பி.ஐ.ஓ.டி. வழியாகப் பேசும் புதிய நூலகங்களுக்கு மாறியாக வேண்டும்.

இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. ஹோம் அசிஸ்டன்ட் 2022 ஜூன் பதிப்பிலேயே ஜி.பி.ஐ.ஓ. இணைப்பைத் தன் மூல நிரலிலிருந்து நீக்கிவிட்டது. வீட்டின் மூளையாக இருக்கும் கணினி 230 வோல்ட் ரிலேக்களைத் தானே சுமக்கக் கூடாது. இஎஸ்பி32 போன்ற ஒரு சிறு பலகையில் இஎஸ்பிஹோம் அல்லது டாஸ்மோட்டா மென்பொருளை ஏற்றி, அது ரிலேவைக் கவனிக்கட்டும். பை கட்டளையை மட்டும் அனுப்பட்டும். ஒரு ரிலே கருகினால் சில நூறு ரூபாயோடு போகும்.

எந்த மென்பொருள் என்ற கேள்வியில் நான் அதிகம் தங்கப் போவதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கை க்ரொய்ட்சர் 2010-இல் தொடங்கிய ஓப்பன்ஹேப், ஜாவாவில் எழுதப்பட்டது, கட்டுக்கோப்பானது, பைக்கென்றே ஓப்பன்ஹேபியன் என்ற ஆயத்தப் படிமமும் உண்டு. டோமோட்டிக்ஸ் சி++-இல் எழுதப்பட்ட எளிய மென்பொருள், பழைய பலகையிலும் சிரமமில்லாமல் ஓடும். ஐ.பி.எம்.-இல் பிறந்து 2013-இல் வெளிவந்த நோட்-ரெட், பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து விதிகளை வரையும் கருவி. தனித்தும் ஓடும், மற்றவற்றோடும் சேரும். இவற்றை மதிக்கிறேன். ஆனால் இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு ஹோம் அசிஸ்டன்ட்டைத்தான் பரிந்துரைப்பேன். பவுலஸ் ஸ்கவுட்சன் 2013-இல் பைத்தானில் தொடங்கிய இந்தத் திட்டம், மாதம் ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. 2024 ஏப்ரலில் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அறக்கட்டளையின் கைக்குப் போனது. ஒரு நிறுவனம் விலைபோனாலும் வீடு இருளில் நிற்காது என்பதற்கு அது ஓர் உறுதி.

அந்த உறுதி ஏன் வேண்டும் என்பதற்குப் பழைய கதைகள் உண்டு. ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவை நிறுத்தப்பட்டதும் பெட்டிகள் வெறும் பிளாஸ்டிக் ஆகின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற வீட்டுத் தானியக்க நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. பணம் கொடுத்து வாங்கிய பொருள், எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒரு சுவிட்சை அணைத்ததால் செத்துப்போனது. வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினியை வைத்து, இணையம் அறுந்தாலும் இயங்கும்படி செய்வதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது நிறுவும் வழி. புதிய பலகைக்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முன்பு ஹோம் அசிஸ்டன்ட்டை நான்கு வழிகளில் நிறுவலாம்: முழு இயங்குதளமாக, டாக்கர் கன்டெய்னராக, டெபியன் மேல் மேற்பார்வையாளருடன், பைத்தான் சூழலில் வெறும் மையமாக. 2025 மே மாதம் கடைசி இரண்டையும், அவற்றோடு 32-பிட் கணினிகளுக்கான ஆதரவையும் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2025 டிசம்பர் பதிப்போடு அந்தக் கதை முடிந்தது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பல, செத்துப்போன இந்த இரண்டு வழிகளைப் பற்றியவை. படிக்கத் தொடங்கும் முன் தேதியைப் பாருங்கள்.

பைத்தான் வழி ஏன் செத்தது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. பை 5-க்கான ராஸ்பெர்ரி பை இயங்குதளம் டெபியன் 12-ஐ அடியொற்றி வந்தது. அந்தப் பதிப்பிலிருந்து, கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் பிப் வழியாக எதையும் நிறுவ அனுமதி இல்லை. தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் செய்யச் சொல்லும். சரி, உருவாக்கினோம். டெபியன் 12 தருவது பைத்தான் 3.11. ஹோம் அசிஸ்டன்ட்டோ 2024-இலேயே 3.12-ஐக் கேட்கத் தொடங்கிவிட்டது. பைத்தானை மூலத்திலிருந்து நாமே தொகுத்தால் ஓராண்டு ஓடும், பிறகு 3.13 வேண்டும் என்பார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் அவர் வெளியூரில் இருக்கும் நாளில் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

டாக்கர் வழி இன்னும் உயிரோடு இருக்கிறது. பை 5-இல் வேறு வேலைகளும் செய்ய நினைப்பவருக்கு அது பொருத்தம். அதிலும் ஒரு பொறி உண்டு. பை 5-க்கான ராஸ்பெர்ரி பை கெர்னல் நினைவகத்தை 16 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கிறது. பெரும்பாலான கணினிகள் 4 கிலோபைட்டாகப் பிரிக்கின்றன. ஹோம் அசிஸ்டன்ட் கன்டெய்னர் பயன்படுத்தும் ஜெமாலாக் என்ற நினைவக நூலகம் 4 கிலோபைட்டை எதிர்பார்க்கும். பெரிய பக்கத்தைக் கண்டால், ஆதரவற்ற பக்க அளவு என்று சொல்லி நின்றுவிடக்கூடும். தீர்வு எளிது. கன்டெய்னரைத் தொடங்கும்போது ஜெமாலாக்கை அணைக்கும் சூழல் மாறியைக் கொடுக்கலாம். அல்லது பையின் கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து 4 கிலோபைட் கெர்னலுக்கு மாறலாம். தீர்வு தெரியாதவர் பலகை பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்.

முழு இயங்குதள வழியில் இந்தத் தலைவலி ஒன்றும் உங்களுடையது அல்ல. ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற கருவியில் பை 5-ஐத் தேர்ந்து, வீட்டுத் தானியக்கப் பிரிவில் ஹோம் அசிஸ்டன்ட்டைத் தேர்ந்து, 32 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட நல்ல கார்டில் எழுத வேண்டும். முதல்முறை எழும்போது வைஃபையை நம்ப வேண்டாம். லேன் கேபிளால் ரவுட்டரோடு இணையுங்கள். இணையத்திலிருந்து மீதியை இறக்கிக்கொள்ள அது சிறிது நேரம் எடுக்கும். பிறகு உலாவியில் ஹோம்அசிஸ்டன்ட் டாட் லோக்கல் என்ற முகவரியை 8123 போர்ட்டுடன் திறந்தால் வரவேற்புப் பக்கம் வரும். வராவிட்டால் ரவுட்டரின் பக்கத்தில் பையின் எண் முகவரியைப் பார்த்து அதைக் கொடுக்கலாம். மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. புதுப்பிப்புகளுக்கு இந்த இயங்குதளம் இரண்டு அறைகளை வைத்திருக்கிறது: ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றதில் புதியதை எழுதும், புதியது எழவில்லை என்றால் பழையதற்குத் திரும்பும். மாடிப்படிக்கு அடியில் திரையும் விசைப்பலகையும் இல்லாமல் கிடக்கும் ஒரு கணினிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

இனி மின்சாரம். நிறுவல் தோல்விகளில் மென்பொருளின் தலையில் விழும் பழிக்கு உண்மையான குற்றவாளி பல நேரம் சார்ஜர்தான். பை 5-க்குப் பரிந்துரைக்கப்படுவது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் 27 வாட் மின்வழங்கி. கைபேசிக்கு 65 வாட் சார்ஜர் வைத்திருக்கிறேனே என்று கேட்பார்கள். அது 20 வோல்ட்டில் 65 வாட். 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும். 5 ஆம்பியர் கிடைக்கவில்லை என்று கண்டால், பை தன் யூ.எஸ்.பி. வாய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர் மட்டுமே விடும், கிடைத்தால் 1.6 ஆம்பியர் விடும். கம்பியில்லா சென்சார்களோடு பேசும் ஜிக்பீ டாங்கிள் ஒன்று மட்டும் செருகியிருப்பவருக்கு 600 போதும். யூ.எஸ்.பி.-இல் எஸ்.எஸ்.டி. செருகியவருக்குப் போதாது.

இன்னொன்றும் உண்டு. 3 ஆம்பியர் சார்ஜரில் பை 5 தன் இயல்பு அமைப்பில் யூ.எஸ்.பி. வட்டிலிருந்து தானாக எழுவதில்லை. பலகையில் உள்ள பொத்தானை ஒருவர் அழுத்தி ஒப்புதல் தர வேண்டும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த பிறகு, வீடு முழுவதும் விழித்துவிட, வீட்டின் மூளை மட்டும் யாராவது வந்து தொடும்வரை காத்திருக்கும். தமிழ்நாட்டில் கோடை மழைக்கு மரக்கிளை ஒன்று கம்பியில் விழுந்தாலே கரண்ட் போகும். பலகையையும் ரவுட்டரையும் இன்வர்ட்டர் லைனில் போடுவது முதல் வேலை. சரியான மின்வழங்கி வாங்குவது அதற்கும் முந்திய வேலை. கையோடு ஒரு சிறு கடிகார பேட்டரியையும் வாங்கிவிடுங்கள். பை 5-இல் முதன்முறையாக உள்ளமைந்த கடிகாரம் இருக்கிறது. பேட்டரி செருகினால், இணையம் வராத நேரத்திலும் மணி சரியாக இருக்கும். மாலை ஆறரைக்கு எரிய வேண்டிய வாசல் விளக்கு நடு இரவில் எரியாது.

சேமிப்பகமும் அதே அளவு முக்கியம். ஹோம் அசிஸ்டன்ட் ஒவ்வொரு சென்சாரின் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு தரவுத்தளத்தில் எழுதுகிறது. இயல்பு அமைப்பில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை வட்டில் பதிக்கும், பத்து நாள் வரலாற்றை வைத்திருக்கும். மின்னழுத்தம் காட்டும் ஒரு ஸ்மார்ட் பிளக், நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு நாளெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கும். எஸ்.டி. கார்டு இதற்காகச் செய்யப்பட்டது அல்ல, கேமராவுக்காகச் செய்யப்பட்டது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். தேவையற்ற சென்சார்களைப் பதிவிலிருந்து விலக்குவது காசில்லாத மருந்து. நிலையான தீர்வு, பை 5-இன் பி.சி.ஐ.இ. வாயில் எம்.2 பலகை ஒன்றைப் பொருத்தி என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.-இல் நிறுவுவது. ராஸ்பெர்ரி பையே 2024 மே மாதம் அப்படி ஒரு பலகையை வெளியிட்டது. 2230, 2242 அளவு எஸ்.எஸ்.டி.கள் அதில் பொருந்தும். ஆனால் அந்த வாய் ஒன்றே ஒன்றுதான். கேமரா படத்தில் ஆளை அடையாளம் காணும் ஏ.ஐ. முடுக்கியும் அதே இடத்தைத்தான் கேட்கும். இரண்டும் வேண்டும் என்பவர் பையை விட்டுச் சிறு மேசைக் கணினிக்குப் போவது மேல்.

என்னிடம் கேட்டால், 8 ஜிபி, 16 ஜிபி நினைவகத்துக்குக் கொடுக்கும் பணத்தை மின்வழங்கிக்கும் எஸ்.எஸ்.டி.-க்கும் கொடுங்கள் என்பேன். விளக்கு, மின்விசிறி, தொட்டி, கதவு என்று ஓடும் வீட்டுக்கு 4 ஜிபி தாராளம். ஆட்-ஆன்கள் குறைவென்றால் 2 ஜிபியே ஓடும். வெப்பத்தையும் மறக்கக் கூடாது. பை 5, 80 டிகிரி செல்சியஸைத் தொடும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். மே மாதத்து மதுரையிலோ வேலூரிலோ மூடிய மர அலமாரிக்குள் அதை வைத்துவிட்டு, புதுப் பலகை மெதுவாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. விசிறியுடன் கூடிய குளிர்விப்பானைப் பொருத்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

ஜிக்பீ டாங்கிளைப் பற்றி ஒரு சொல். யூ.எஸ்.பி. 3 வாய்கள் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கிளப்பும் என்பதை இன்டெல் 2012-இலேயே ஒரு வெள்ளை அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஜிக்பீயும் அதே பட்டையில்தான் பேசுகிறது. டாங்கிளை நீல நிற வாயில் நேராகச் செருகினால் பக்கத்து அறை சென்சாரே காணாமல் போகலாம். ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிள் வாங்கி, கறுப்பு வாயில் செருகி, டாங்கிளைப் பலகையிலிருந்து தள்ளி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வைஃபை 1, 6, 11 சேனல்களில் இருந்தால் ஜிக்பீக்கு 15, 20, 25 ஆகியவை இடைவெளியில் விழும். ஜிக்பீ போன்ற இன்னொரு கம்பியில்லா முறையான இசட்-வேவ் கருவிகளை வாங்குகிறவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: இந்தியாவுக்கான அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவரும் கருவி 908-இல் பேசும். இங்கே அது உதவாது, சட்டப்படியும் சரியல்ல.

நம் வீடுகளுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. சுவிட்சும் பிளக் பாயின்ட்டும் ஒரே ஸ்விட்ச் போர்டில் இருப்பதால், ஸ்மார்ட் சுவிட்சுக்குத் தேவைப்படும் நியூட்ரல் ஒயர் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். வெளிநாட்டுப் பயனர்கள் பலர் சுவிட்சுப் பெட்டியில் நியூட்ரல் இல்லாமல் திண்டாடுகிறார்கள். ஆனால் மோட்டார் விஷயத்தில் துணிச்சல் வேண்டாம். ஒரு குதிரைத்திறன் போர்வெல் மோட்டார் ஓடும்போது எடுக்கும் ஆம்பியரைவிடக் கிளம்பும் கணத்தில் பல மடங்கு எடுக்கும். 10 ஆம்பியர் என்று அச்சிட்ட சிறு ரிலே அதைத் தாங்காது. முனைகள் ஒட்டிக்கொண்டால் அணைக்கவே முடியாது. ரிலே ஒரு கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். இதை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். பழைய ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சை, சிவப்புப் பொத்தான்கள் கணினி இல்லாமலும் வேலை செய்ய வேண்டும் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேறு பலகைகள்? ஆரஞ்சு பை 5, எட்டுக் கோர்களோடு, காகிதத்தில் பை 5-ஐவிட வலுவானது. ஆனால் ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் அது இல்லை. ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் மேல் டாக்கரில் ஓட்டலாம். பராமரிப்பு உங்கள் பொறுப்பு. ஓட்ராய்டு குடும்பத்தில் என்2+, எம்1 போன்றவை பட்டியலில் உள்ளன. வேகம் குறைந்த, ஆதரவுள்ள பலகையை, வேகமான ஆனால் ஆதரவில்லாத பலகைக்கு முன்னால் வைப்பேன். எதையும் பொருத்த விருப்பமில்லாதவருக்கு, 2023 செப்டம்பரில் 99 டாலருக்கு வந்த ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் இருக்கிறது: மென்பொருள் ஏற்றியே வரும், வாங்கிச் செருகினால் போதும்.

செலவையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 4 ஜிபி பை 5 வெளியானபோது 60 டாலர். 2025 இறுதியில் நினைவகச் சிப்புகளின் விலை ஏறியதால் பலகையின் விலையும் ஏறியது. மின்வழங்கி, குளிர்விப்பான், எம்.2 பலகை, எஸ்.எஸ்.டி., உறை எல்லாம் சேர்ந்தால், இன்டெல் என்100 சிப்பு கொண்ட ஒரு சிறு மேசைக் கணினிக்கு அருகில் போய் நிற்கும். பையின் பலம் இன்று விலையில் இல்லை. அதன் பலம் குறைந்த மின்செலவு, சிறிய உருவம், எல்லாவற்றுக்கும் மேலாக, கோளாறு வந்தால் அதே கோளாறைச் சந்தித்துத் தீர்த்த பல ஆயிரம் பேர். சராசரியாக 5 வாட் எடுத்தால் ஆண்டு முழுவதும் ஓட 44 யூனிட்டுக்கு மேல் ஆகாது. வீட்டில் பை 4 நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டிய கட்டாயமே இல்லை.

மாற்றுகிறவர்கள் நான் செய்ததைச் செய்யாதீர்கள். பழைய பலகையில் ஒரு முழுக் காப்புப்பிரதி எடுத்து, அதை மடிக்கணினியில் இறக்கிவைத்து, பை 5-க்கான புதிய படிமத்தை எழுதி, வரவேற்புப் பக்கத்திலேயே அந்தக் காப்புப்பிரதியைக் கொடுத்தால் விதிகள், பெயர்கள், வரலாறு எல்லாம் அப்படியே குடியேறிவிடும். 2025 ஜனவரி பதிப்பிலிருந்து காப்புப்பிரதிகள் இயல்பு அமைப்பில் மறையாக்கம் செய்யப்பட்டே வருகின்றன; திறக்க ஒரு விசை வேண்டும். அந்த விசை கார்டுக்குள் மட்டும் இருந்து, கார்டும் செத்துப்போனால் காப்புப்பிரதியால் பயனில்லை. இன்றே அதைத் தாளில் எழுதி, வீட்டின் மின் அட்டையோடு சேர்த்து வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவிடுங்கள்.